அறுபது நாள் கணக்கு: வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கடுதாசிய எல்லாம் பிரிச்சுப் பாத்தா முக்காவாசி வாடகை, கரண்டு பில்லு, அட்வான்ஸு பத்திதான். பள்ளிக்கூடம் தொறக்க முந்தி வீடு மாத்துற நேரம், அதனால இருக்கும். சரின்னு இந்த இதழ் முழுசையும் அதுக்கே ஒதுக்கிட்டேன், ஒரே மாதிரி வந்த கேள்விய ஒண்ணாச் சேத்திருக்கேன்.

கேள்வி: அக்கா, எங்களுக்கு கல்லிடைக்குறிச்சி. அவுகளுக்கு பாளையங்கோட்டைல வேலை மாறினதால கே.டி.சி. நகர்ல ஒரு அபார்ட்மெண்ட்ல ரெண்டு பெட்ரூம் வீட்டுக்கு வந்துட்டோம். வாடகை 10,500, மெயின்டனன்ஸ் 1,200. அவுக சம்பளம் கைக்கு 28,000, நான் ஒரு கடைல பில்லிங்ல இருக்கேன், 12,000 வரும். ஒரு பையன், ஒண்ணாப்பு படிக்கான். ஊர்ல இருக்கும்போது இதை விட கம்மி சம்பளத்துலயே மிச்சம் பிடிச்சோம், இங்க 20 தேதிக்கு மேல துட்டு நிக்க மாட்டேங்கு. மாசில வந்த கரண்டு பில்லு 280 யூனிட், 611 ரூபா. வெயில் காலத்து பில்லு 600 யூனிட், 2,880 ரூபா. யூனிட் ரெண்டு மடங்குதான கூடிருக்கு, பில்லு எப்படி அஞ்சு மடங்கு கிட்ட வரும், மீட்டர் கோளாறான்னு வீட்ல ஒரே சண்டை. எங்க தப்பு பண்ணுதோம்?
(ஒரு தங்கச்சி, கே.டி.சி. நகர்)

பதில்: தங்கச்சி, மொதல்ல சண்டைய நிப்பாட்டுங்க, மீட்டர்ல கோளாறு ஒண்ணும் இல்ல. நீங்க எழுதின ரெண்டு பில்லும் கணக்குக்கு சரியா வருது, நான் பேப்பர்ல போட்டுப் பாத்துட்டுதான் எழுதுதேன்.

நம்ம ஊர்ல வீட்டு கரண்டுக்கு ரெண்டு மாசத்துக்கு ஒருக்க ரீடிங்.  2024 ஜூலைல மாத்தின ரேட்டுப்படி மொத 100 யூனிட் எல்லாருக்கும் இலவசம், 500 யூனிட்டுக்குள்ள நின்னா 101-ல இருந்து 200 வரைக்கும் யூனிட்டுக்கு 2.35, 201-ல இருந்து 400 வரை 4.70, அதுக்கு மேல 500 வரை 6.30. உங்க 280 யூனிட்டுக்கு 235 ரூபாயும் 376 ரூபாயும், ஆக 611. சரியா வந்துட்டா? இப்ப 500-ஐத் தாண்டினா என்ன ஆகுதுன்னா, தாண்டின யூனிட்டுக்கு மட்டும் ரேட்டு கூடலை, 101-ல இருந்து 200 வரைக்கும் இருந்த அந்த 2.35 சலுகையும் சேந்து போயிரும், அதுவும் 4.70 ஆயிரும், 500-க்கு மேல உள்ளது 8.40. அதனால 600 யூனிட்டுக்கு 1,410 + 630 + 840, மொத்தம் 2,880. இதே 500-ல நின்னிருந்தா 1,805-தான். கடைசி 100 யூனிட்டு மட்டும் உங்களுக்கு 1,075 ரூபா செலவு வச்சிருக்கு. இதைத் தெரிஞ்சுக்கிட்டா உங்க வீட்டுல பாதிப் பிரச்னை தீரும்னு நான் நம்புதேன், ஏன்னா கரண்டு செலவையே குறைக்கணும்னு நெனச்சா பையன் படிக்க லைட்டு போடுறதுக்கெல்லாம் சத்தம் போட ஆரம்பிச்சிருவோம், அது வேண்டாம், 500-க்குள்ள நிக்கணும் அவ்வளவுதான், அறுபது நாளைக்கு 500-ன்னா ஒரு நாளைக்கு எட்டு யூனிட்டு சொச்சம்.

அந்த 100 யூனிட்ட எங்க குறைக்க? ஃபேன்ல இருந்து ஆரம்பிங்க. யாரும் ஃபேன கணக்குலயே சேக்க மாட்டாவ. பழைய சீலிங் ஃபேன் ஒண்ணு 75 வாட்ஸ் இழுக்கும், புதுசா வர்ற பிஎல்டிசி ஃபேன் 30 வாட்ஸ்ல ஓடும். ரெண்டு ஃபேன மாத்தி, ஒண்ணொண்ணும் தினம் 15 மணி நேரம் ஓடுதுன்னு வச்சா ரெண்டு மாசத்துல 80 யூனிட்டு மிச்சம். வாடகை வீட்டுக்கு நாம எதுக்கு செலவு பண்ணணும்னு கேக்காதீங்க, ஃபேன் சுவத்தோட ஒட்டினது இல்லல்லா, காலி பண்ணும்போது நம்ம ஃபேன கழட்டிட்டு ஓனர் ஃபேன திருப்பி மாட்டிட்டு வந்துரலாம், அதுவரைக்கும் அவுக ஃபேன பரண்ல பத்திரமா வைங்க. அடுத்து ஏசி. ஒன்றரை டன் ஏசி முழு மூச்சா ஓடினா மணிக்கு ஒரு யூனிட்டுக்கு மேல போகும். 18-ல வச்சுட்டு போர்வை போத்தறதுக்கு 25, 26-ல வச்சு மேல ஃபேனையும் போடுங்க, ஒரு டிகிரி கூட்டினா சுமாரா 6 சதவீதம் கரண்டு மிச்சமாவும். விடிகாலைல நிக்கிற மாதிரி டைமர் போட்டுருங்க, அந்நேரம் நம்ம ஊரு காத்தே போதும்.

ரெண்டாவது விஷயம், இதுதான் 20 தேதிக்கு மேல துட்டு நிக்காததுக்கு காரணம்னு நெனக்கேன். ஊர்ல உங்களுக்கு வீடு சொந்தம், தண்ணி வாய்க்கால்லயும் குழாய்லயும் வந்துச்சு, செலவுன்னா கடைக்கு குடுக்கறதுதான். இங்க சம்பளம் மாசா மாசம், கரண்டு பில்லு ரெண்டு மாசத்துக்கு ஒருக்க, சிலிண்டரு நாப்பத்தஞ்சு நாளைக்கு ஒருக்க, ஸ்கூல் பீஸு டேர்முக்கு ஒருக்க. எல்லாம் வேற வேற தாளத்துல வருது, எந்த மாசம் ரெண்டு மூணு சேந்து வருதோ அந்த மாசம் கை கடிக்கும். அதனால வருசக் கணக்கா போட்டு பன்னெண்டால வகுத்துருங்க. உங்க கணக்கையே போடுவோம்: வெயில் காலத்து ரெண்டு பில்லு 1,805 வீதம், மத்த நாலும் சராசரி 800-ன்னு வச்சா வருசத்துக்கு 6,810, மாசத்துக்கு 570 கிட்ட வரும், 600-ன்னு வச்சுக்கோங்க. சிலிண்டர் 900-ன்னு வச்சு 45 நாள் ஓடினா மாசம் 600. தண்ணி கேன் வாரம் மூணு, 35 ரூபாய்னா மாசம் 450 வருது. இன்டர்நெட் 600. வாடகை, மெயின்டனன்ஸோட சேத்தா 13,950.

40,000 சம்பளத்துக்கு நான் வைக்கிற அளவு மூணுல ஒரு பங்கு, அதாவது 13,300 சொச்சம், வாடகை மட்டும் இல்ல, வீட்டுக்குள்ள இருக்கறதுக்கு ஆவுற எல்லா செலவும் சேத்து. நீங்க 600 ரூபா தாண்டி நிக்கீங்க, பெரிசா தப்பு பண்ணல. அந்த 600-ஐ எடுக்க எனக்கு ரெண்டு இடம் தோணுது. ஒண்ணு கேன் தண்ணி, தாமிரபரணி ஓடுற ஊர்ல இருந்துக்கிட்டு குடிக்கறதுக்கு மட்டும்னா சரி, சோறு வைக்கவும் பருப்பு வேகவைக்கவும் கேன் தண்ணிய ஊத்துனா மனசு கேக்க மாட்டேங்கு, கார்ப்பரேஷன் தண்ணிய வடிகட்டி கொதிக்க வச்சு சமையலுக்கு எடுங்க, பாதி கேன் குறையும். இன்னொண்ணு அந்த மெயின்டனன்ஸ் 1,200. மாடிப்படி லைட்டு, மோட்டார் எல்லாம் ஓடுற பொது மீட்டருக்கு 2022-ல யூனிட்டுக்கு 8 ரூபாய்னு தனி ரேட்டு போட்டாவ. 2023 அக்டோபர்ல பத்து வீட்டுக்குள்ள, மூணு மாடிக்குள்ள, லிஃப்ட் இல்லாத அபார்ட்மெண்டுக்கு மட்டும் அதை 5.50-ன்னு குறைச்சாவ. உங்க பில்டிங் அந்த அளவுக்குள்ள வந்தா, பொது மீட்டர் பில்லு ஒண்ண செக்ரட்டரி அண்ணாச்சிகிட்ட கேட்டு வாங்கி எந்த ரேட்டுல போட்டிருக்குன்னு பாருங்க. பழைய ரேட்டுலயே வந்துக்கிட்டு இருந்தா இ.பி. ஆபீஸ்ல எல்லாரும் சேந்து ஒரு மனு குடுங்க. கணக்கு கேக்கறது சண்டை இல்ல, மரியாதையா கேட்டா நல்ல செக்ரட்டரி காட்டுவாவ.

எடுத்து வைக்கிற துட்ட மட்டும் தனியா ஒரு அக்கவுண்ட்ல போடுங்க, ஒண்ணா இருந்தா ஆனித் தேரோட்டத்துக்கு ஊர்ல இருந்து ஆளு வரும்போது அதுல இருந்து எடுத்துருவோம், எங்க வீட்லயும் அதான் நடந்துச்சு, ரெண்டு வருசம் அப்புறம்தான் தனி அக்கவுண்ட் போட்டேன்.

கேள்வி: டவுன்ல ஒரு வளவுல குடியிருக்கோம், மூணு போர்ஷன், மூணுக்கும் சேத்து ஒரே இ.பி. மீட்டர். ஓனரு சப் மீட்டர் வச்சு யூனிட்டுக்கு 9 ரூபா வாங்குதாரு. எங்களுக்கு ரெண்டு மாசத்துக்கு 120 யூனிட்டுதான் ஓடுது, 1,080 குடுக்கோம். இது நியாயமா? கேட்டா வேற வீடு பாத்துக்கோங்கன்னு சொல்லிருவாரோன்னு பயமா இருக்கு.
(ஒரு வாசகர், நெல்லை டவுன்)

பதில்: நியாயம் இல்ல தம்பி. இந்த கேள்வி ஏழெட்டு பேருகிட்ட இருந்து வந்திருக்கு, படிக்க படிக்க மனசு ஆறல.

உங்களுக்குன்னு தனி மீட்டர் இருந்தா 120 யூனிட்டுக்கு நூறு இலவசம் போக 20 யூனிட்டுக்கு 47 ரூபா. நாப்பத்தேழு! அதுக்கு 1,080 குடுத்துக்கிட்டு இருக்கீங்க. சரி ஒரே மீட்டர்தான்னு வச்சுக்கிட்டாலும், மூணு வீடும் உங்கள மாதிரியே 120 ஓட்டினா மொத்தம் 360 யூனிட், இ.பி.க்கு அவரு கட்டறது 987 ரூபா. உங்க மூணு பேருகிட்டயும் வாங்குறது 3,240. வித்தியாசத்தை நான் எழுத வேண்டாம்.

ஆனா எடுத்த எடுப்புல மல்லுக்கு நிக்காதீங்க. டவுன் வளவு வீடெல்லாம் அந்த காலத்துல ஒரே குடும்பம் இருந்தது, தார்சா, பட்டாசல்னு கூடம் கூடமா நீளவாக்குல கட்டி, பிறகு தடுத்து தடுத்து வாடகைக்கு விட்டது, வயரிங்கும் அப்படியே கெடக்கும், தனி சர்வீஸ் வாங்கணும்னா ஓனருக்கு கையில இருந்து செலவு இருக்கு. நான் சொல்ற வழி இது: மூணு வீட்டுக்காரங்களும் சேந்து போயி, யூனிட்டுக்கு இவ்வளவுன்னு வேண்டாம் அண்ணாச்சி, இ.பி. பில்லக் காட்டுங்க, யார் எத்தனை யூனிட்டோ அந்த விகிதத்துல பிரிச்சுக்கிடுதோம், மோட்டார் செலவுக்கு தனியா ஒரு தொகை தாரோம்னு கேளுங்க. மேல சொன்ன கணக்குக்கு உங்க பங்கு 329 ரூபா வரும், அதோட மோட்டாருக்கு 100 ரூபா சேத்து குடுத்தாலும் உங்களுக்கு லாபம்தான், அவருக்கும் நட்டம் இல்ல. தனி வாசல், தனி அடுக்களைன்னு பிரிஞ்சிருந்தா தனி சர்வீஸ் கேக்கலாம், அந்த செலவ மூணா பிரிச்சு கொஞ்சம் கொஞ்சமா வாடகைல கழிச்சுக்கிடலாம்னு சொல்லிப் பாருங்க, முக்காவாசி ஓனர்மாரு இதுக்கு ஒத்துக்கிடுவாவ.

பயப்படாதீங்கன்னு சொல்றதுக்கு ஒரு காரணமும் இருக்கு. வாடகைக்கு விடறவங்க, இருக்கறவங்க உரிமைக்குன்னு நம்ம மாநிலத்துல 2017-ல ஒரு சட்டம் போட்டு 2019 பிப்ரவரி 22-ல இருந்து நடைமுறைல இருக்கு. அதுப்படி கோவத்துல கரண்ட, தண்ணிய நிறுத்துறதுக்கு ஓனருக்கு உரிமை கெடையாது. அப்படி நிறுத்தினா வாடகை அதிகாரிகிட்ட மனு குடுக்கலாம், துணை ஆட்சியர் அந்தஸ்துல உள்ளவங்கதான் அந்த அதிகாரி. ஆனா எழுத்துல ஒப்பந்தம் இருந்தாதான் கையில பிடி இருக்கும், வாய் வார்த்தைல குடியிருக்கவங்க மொதல்ல அதை எழுதி வாங்குங்க.

கேள்வி: தனியார் ஸ்கூல்ல டீச்சரா இருக்கேன். வாடகை 9,000. வருமான வரில ஹெச்ஆர்ஏ, அதான் வீட்டு வாடகைப் படி, கழிக்க ஓனரோட பான் நம்பர் கேக்காவ. கண்டிப்பா வேணுமா?
(பெருமாள்புரம்)

பதில்: வேணும். வருசத்துக்கு 1,08,000 ஆவுது, ஒரு லட்சம் தாண்டினா பான் நம்பர் குடுக்கணும். பழைய வரி முறைல இருந்தாதான் இதெல்லாம், புது முறைல ஹெச்ஆர்ஏ கழிவே கெடையாது, ரெண்டுலயும் போட்டுப் பாத்துட்டு பிறகு ஓனர்கிட்ட போங்க. நம்ம ஊருக்கு அடிப்படைச் சம்பளத்துல 40 சதவீதம்தான் உச்சவரம்பு, 50-ங்கறது சென்னைக்கு.

கேள்வி: கொக்கிரகுளம் பக்கம் கீழ் வீடு ஒண்ணு வருது, மத்த இடத்தை விட 2,000 குறைவு. ஆத்துக்காத்து வரும், கிச்சன் பெரிசு. எடுக்கலாமாக்கா?
(ஒரு வாசகி)

பதில்: எடுக்கறதுக்கு முந்தி அந்த தெருவுல கடை வச்சிருக்க யாராவது ஒரு அண்ணாச்சிகிட்ட 2023 டிசம்பர் வெள்ளத்துல தண்ணி எது வரைக்கும் வந்துச்சுன்னு கேளுங்க. வீட்டுக்காரர்கிட்ட கேக்காதீங்க, கடைக்காரர்கிட்ட கேளுங்க. அந்த டிசம்பர் 17, 18 மறக்க முடியுமா, கலெக்டர் ஆபீஸுக்குள்ளயே தண்ணி, ஜங்ஷன், மீனாட்சிபுரம், வண்ணார்பேட்டைன்னு ஆத்துக்கு ரெண்டு பக்கமும் வீட்டுக்குள்ள தண்ணி. எங்க சித்தி மக வீடு கீழ் வீடுதான், பிரிட்ஜு, வாஷிங் மெஷினு, மெத்தை, பிள்ளைக புஸ்தகம் எல்லாம் போச்சு, சர்டிபிகேட்ட மட்டும் பரண்ல ஏத்தி வச்சுட்டு மாடி வீட்டுல ரெண்டு நாள் இருந்தாவ.

மாசம் 2,000 குறைவுன்னா வருசத்துக்கு 24,000. ஒரு தடவை தண்ணி புகுந்தா அதை விட கூடப் போயிரும். அதுக்காக ஆத்தங்கரை வீடே வேண்டாம்னு நான் சொல்லல, அதே தெருவுல மாடி வீடு கெடைச்சா 1,000 கூடக் குடுத்தாலும் எடுங்க. கீழ் வீடுதான் அமையுதுன்னா சுவத்துல பழைய தண்ணிக் கறை இருக்கான்னு பாருங்க, ஸ்விட்ச் போர்டு எவ்வளவு உசரத்துல இருக்குன்னு பாருங்க, மீட்டர் பெட்டியும் உசரத்துல இருக்கணும். ஐப்பசி, கார்த்திகை பொறந்துட்டா பிரிட்ஜுக்கு அடியில செங்கல் வச்சு தூக்கிருங்க.

கேள்வி: அம்பாசமுத்திரத்துல இருந்து எழுதுதேன். மகளுக்கு சென்னைல வேலை கெடைச்சிருக்கு. கூட வேலை பாக்குற ரெண்டு பிள்ளைகளோட சேந்து வீடு எடுக்காளாம். வாடகை 24,000, அட்வான்ஸ் பத்து மாசம் கேக்காவ. நான் தையக்காரன், அவ்வளவு துட்டுக்கு எங்க போவேன்?
(ஒரு தகப்பன்)

பதில்: அண்ணாச்சி, மொதல்ல மகளுக்கு வாழ்த்து சொல்லிருங்க, தைச்சுத் தைச்சு படிக்க வச்சிருக்கீங்க.

பத்து மாசம்னா 2,40,000, மூணு பேருக்கும் ஆளுக்கு 80,000. மேல சொன்ன அதே சட்டத்துல, வேற மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கிட்டா ஒழிய, அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக்கூடாதுன்னு இருக்கு. அந்த "வேற மாதிரி ஒப்பந்தம்"ங்கற வார்த்தைலதான் எல்லாம் இருக்கு, பத்து மாசம்னு எழுதி பிள்ளைக கையெழுத்து போட்டுட்டா அப்புறம் சட்டத்தை காட்ட முடியாது. அதனால பேரம் பேச வேண்டியது கையெழுத்துக்கு முந்தி. மூணு மாசம்னு கேட்டு ஆரம்பிங்க, அஞ்சு மாசத்துக்கு எறங்கி வந்தாலே ஆளுக்கு 40,000 ஆயிரும், எறங்கலைன்னா வேற வீடு பாக்கச் சொல்லுங்க, சென்னைல வீடு ஒண்ணே ஒண்ணு இல்ல.

அதை விட எனக்கு கவலை மூணு பேரு சேந்து எடுக்கறதுல. ஒப்பந்தம் ஒரு பிள்ளை பேருல மட்டும் இருந்தா மத்த ரெண்டு பேரு குடுத்த அட்வான்ஸுக்கு அத்தாட்சி கெடையாது, ஒரு பிள்ளைக்கு கல்யாணம் ஆயி போச்சுன்னா மீதி ரெண்டு பேரும் 24,000-ஐ தூக்கணும். மூணு பேரையும் ஒப்பந்தத்துல போடச் சொல்லுங்க. அட்வான்ஸை ஒவ்வொருத்தியும் அவ அவ அக்கவுண்ட்ல இருந்து ஓனர் அக்கவுண்டுக்கே அனுப்பட்டும், கையில துட்டா குடுக்க வேண்டாம். ஒருத்தி போனா புது ஆள் வர்ற வரைக்கும் ஒரு மாச வாடகைய போறவளே குடுத்துட்டு போணும்னு மூணு பேரும் இப்பமே பேசிக்கிடணும், சிநேகிதம் கெடாம இருக்கும்.

காலி பண்ணும்போது பெயிண்டுக்குன்னு ஒரு மாச வாடகைய பிடிச்சுக்கிடுவாவ, எவ்வளவுன்னு இப்பமே எழுத்துல வாங்கிருங்க. சாவி வாங்குன அன்னைக்கே ஒவ்வொரு ரூமா, பாத்ரூம் டைல்ஸ், ஜன்னல் கண்ணாடி வரைக்கும் போன்ல வீடியோ எடுத்து ஓனருக்கு அனுப்பி வைக்கச் சொல்லுங்க. வெயில் காலத்துல தண்ணி லாரி அடிச்சா அந்த துட்டு மெயின்டனன்ஸ்ல சேருமா தனியா கேப்பாவளான்னும் கேக்கச் சொல்லுங்க, அங்க போயி மாட்டுற பிள்ளைக இதுலதான் மாட்டுதாவ.

கேள்வி: ரிட்டையர்டு ஆயிட்டேன். 5 லட்சம் ஒத்திக்கு மகராஜநகர் பக்கம் வீடு வருது. வாடகையே இல்லாம மூணு வருசம் இருக்கலாம்னு பையன் சொல்லுதான். சரியா?
(ஒரு வாசகர்)

பதில்: வாடகை இல்லைன்னு சொல்ல முடியாது அண்ணாச்சி, அந்த 5 லட்சத்தை பேங்க்ல 7 சதவீதத்துக்கு போட்டிருந்தா வருசம் 35,000 வட்டி வரும், மாசத்துக்கு 2,900 சொச்சம், அதுதான் நீங்க குடுக்குற வாடகை. அந்தப் பக்கம் வாடகை 8,000-ன்னு இருந்தா கணக்குல லாபம்தான், நான் மறுக்கல.

ஆனா ஒத்திக்கு விடறவங்களுக்கு எதுக்கு துட்டு தேவைப்படுதுன்னு விசாரிங்க. வீட்டு மேல ஏற்கனவே பேங்க் கடன் இருந்து அவரு கட்டாம விட்டா பேங்க்தான் மொதல்ல வரும், உங்க அஞ்சு லட்சம் பின்னாடி நிக்கும். சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல வில்லங்கச் சான்று எடுங்க, மூலப்பத்திரம் வீட்ல இருக்கா பேங்க்ல இருக்கான்னு கண்ணால பாருங்க. பிறகு ஒத்திப் பத்திரத்தை பதிவு பண்ணுங்க, பத்திரத்தாள்ல எழுதி ரெண்டு சாட்சி போட்டா போதும்னு சொல்றவங்கள நம்பாதீங்க, சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி நூறு ரூபாய்க்கு மேல உள்ள ஒத்தி பதிவாகணும். பதிவுக்கு அவரு ஒத்துக்கிட மாட்டேன்னு சொன்னா அந்த வீடு வேண்டாம். ரிட்டையர்டு ஆன துட்டு, மறுபடி சம்பாதிக்க முடியாது.

கேள்வி: புது வீட்டுக்கு பால் காய்ச்சி ஒரு வாரம்தான் ஆச்சு, முந்தி இருந்தவங்க கட்டாத கரண்டு பில்லுக்காக இ.பி.காரங்க ஃப்யூஸ பிடுங்கிட்டாவ. நாங்க கட்டணுமா?
(சமாதானபுரம்)

பதில்: ஓனருக்கு போன் போட்டு அவர கட்டச் சொல்லுங்க, முந்தின ஆளோட அட்வான்ஸ்ல பிடிக்க வேண்டியது அவரு பொறுப்பு. அவசரத்துக்கு நீங்க கட்டினா ரசீத வச்சு அடுத்த மாச வாடகைல கழிச்சுக்கிடுதேன்னு வாட்ஸப்ல ஒரு வரி போட்டு, அவரு சரின்னு பதில் அனுப்பின பிறகு கட்டுங்க. கட்டியும் கரண்டு வரலைன்னா இ.பி. புகார் மையம் மின்னகம் நம்பர் 94987 94987, எந்நேரமும் எடுப்பாவ. இனி வீடு மாறும்போது அட்வான்ஸ் குடுக்க முந்தியே மீட்டர் மேல இருக்க சர்வீஸ் நம்பரை குறிச்சு ஆன்லைன்ல பாக்கி இருக்கான்னு பாத்துருங்க, சாவி வாங்குற அன்னைக்கு மீட்டர் ரீடிங்க ஓனர் பக்கத்துல நிக்கும்போதே போட்டோ எடுத்துக்கோங்க.